சேமித்து மறந்த ஒரு நிமிடம்

“நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்ததுல யாராவது சந்தோஷமா வீட்டுக்குப் போயிருக்காங்களா?”

ஒரு பல் டாக்டர் ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். அப்போது அவள் வாய் நிறையப் பஞ்சும் இரும்பும் இருந்தன. பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டாள்.

அவளுக்குத் தெரு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மூக்குக் கண்ணாடி அத்தனை தடிமன். காணாமல் போனவர்களைத் தேடித் தருவது அவள் தொழில். சத்தமாகப் பேசத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவன் போல ஓர் உதவியாளன் அவளுடன் இருந்தான். நாற்பது வயது, ஆறடி உயரம், உடம்பில் சதை என்று பெயருக்குக்கூட இல்லை. ஊரே அவனை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட, காலப்போக்கில் குச்சி விழுந்து ஒட்டடை மட்டும் மிஞ்சியது. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, வாயாலேயே வேலை வாங்கி, வாயாலேயே அதைத் தொலைத்தவன்.

இருவரும் நான்காவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

“லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்குப் படியேறிப் போறது நாமளாத்தான் இருப்போம், பாஸ்.”

“மூச்ச மிச்சம் பிடி.”

“எனக்கு மிச்சம் பிடிக்க அது ஒண்ணுதான் இருக்கு.”

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே எல்லாம் அட்டைப் பெட்டிகள். லிஃப்ட் மெக்கானிக் குனிந்து ஒரு பெட்டிக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் ஓரத்தில் மூட்டை கட்டப்படாமல் ஒரு தையல் மெஷின் மட்டும் நின்றது. அதன் முன்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குச் சீருடை தைப்பவள். இன்று அவள் கையில் துணி இல்லை, ஃபோன் இருந்தது.

“வாங்க மேடம். இதப் பாருங்க. இப்ப வருவான்... இதோ.”

குடியிருப்பின் வலைத்தளம் அது. தண்ணீர் வராத நாள், தொலைந்த பூனை, மாடிப்படி விளக்கு என்று அறிவிப்புகள் போடும் சின்னத் தளம். நிகழ்ச்சி நடந்தால் படமும் வீடியோவும் சேர்ப்பார்கள். ‘இந்த ஆண்டு ஷட்டில் போட்டி’ என்று தலைப்பு. வரிசையாகப் படங்கள், அவற்றுக்கு அடியில் ஒரு வீடியோ. சிமெண்ட் முற்றத்தில் இரண்டு பேர் விளையாடுகிறார்கள். பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தில், கட்டம் போட்ட சட்டையில் ஒரு இளைஞன் நிற்கிறான். யாரையோ பார்க்கத் திரும்புகிறான். சிரிக்கிறான். வீடியோ முடிந்துவிடுகிறது.

“என் தம்பி,” என்றாள் தையல்காரி. “ரெண்டு வருஷமா தேடறோம். போன ஞாயித்துக்கிழமை கீழ நின்னு சிரிச்சிருக்கான். நான் இங்க மேல உக்காந்து மெஷின் மிதிச்சிருக்கேன், மேடம்.”

மெக்கானிக் கயிற்றை விட்டு நிமிர்ந்தார்.

“நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. எனக்கு வேற ஊருக்கு மாத்தல். மத்தியானம் வண்டி வருது. நாளைக்கு அங்க வேலைல நிக்கணும். நேத்து சாயங்காலம் வரைக்கும் வரேன்னுதான் சொன்னா.”

“அவன் வந்து கதவத் தட்டினா யார் திறப்பா?”

“இத்தன நாள் தட்டாதவனா?”

“இப்பதான் வாசல் வரைக்கும் வந்துட்டானே!” அவள் பூதக்கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். “ஒரே ஒரு முடிவு சொல்லுங்க மேடம். அவன் இங்க சுத்திட்டு இருக்கான்னா நான் இந்த வீட்ட விட்டு நகர மாட்டேன். இல்லேன்னா இவர் கூடப் போயிடறேன். எதுன்னாலும் வண்டி வர்றதுக்குள்ள சொல்லுங்க.”

“கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“ஆஸ்பத்திரில. எனக்குக் குழந்த நிக்கல. ஒரு வாரம் படுத்திருந்தேன்.” அவள் மெஷின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வெள்ளிக்கிழமை வந்தான். அசலூர்ல குடோன் வேலை கிடைச்சிருக்கு, ராத்திரி பஸ்ஸுன்னான். ஃபோன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். குடோன்ல போய்க் கேட்டா அப்படி ஒரு ஆளே வரலைங்கறாங்க.”

“நான்தான் பஸ் ஏத்தி விட்டேன்,” என்றார் மெக்கானிக். “கிளம்பற வரைக்கும் நின்னேன்.”

“போஸ்டர் ஒட்டினீங்களா?”

“அந்த பஸ் போற வழி பூரா. இவர் கையாலதான் ஒட்டினார். பசை காஞ்சு விரல் எல்லாம் தோல் உரிஞ்சுபோச்சு,” என்றாள் தையல்காரி.

மெக்கானிக் மறுபடி கயிற்றில் குனிந்தார்.

* * *

தளத்தைப் பார்த்துக்கொள்பவருக்குக் குடியிருப்பின் முன் வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடை. அவரை எல்லாரும் அட்மின் என்றே கூப்பிட்டார்கள். ரிட்டையர் ஆன பிறகு கிடைத்த பட்டம் என்பதால் அதில் அவருக்குப் பெருமை. சட்டைப் பையில் இரண்டு பேனா.

“வீடியோ எப்ப எடுத்தது சார்?”

“போன ஞாயிறு. தலைப்பிலயே போட்ருக்கேனே.”

பூதக்கண்ணாடி ஃபோனை ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல் வைத்தாள். படியிறங்கும்போதே அவள் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் இழுத்துப் பார்த்திருந்தாள்.

“படத்துல ஸ்கோர் பலகைகிட்ட நிக்கற பொண்ணு யாரு?”

“ரெண்டாவது மாடி. எப்பவும் அவங்கதான் ஸ்கோர் பாப்பாங்க. கணக்குல புலி.”

“அவங்க காலக் கட்டிட்டு நிக்கறது?”

“அவங்க பொண்ணு. வாலு.”

“இப்ப வீடியோவப் பாருங்க. அதே பலகை. அதே பொண்ணு.”

வீடியோவில் அந்தப் பெண் இடுப்பில் கை ஊன்றி, பின்னால் சாய்ந்து நின்றாள். நிறைமாத வயிறு.

ஒட்டடை எட்டிப் பார்த்தான். “அடேங்கப்பா. வீடியோல வயித்துக்குள்ள இருக்கு, படத்துல இறங்கி வந்து நம்பர் அட்டையக் கடிக்குது. ஒரே போட்டில. இந்த வேகத்துக்குப் பரிசளிப்பு விழால பேத்தியோட வந்திருக்கும்.”

அட்மின் பேனாவைக் கழற்றி மாட்டினார். கம்ப்யூட்டரைத் திறந்தார். கொஞ்ச நேரம் மவுஸை உருட்டினார். காதோரம் சிவந்தது.

“புதுப் பக்கம் ஆரம்பிக்க எனக்குத் தெரியாதும்மா,” என்றார் மெல்ல. “பழைய பக்கத்தத் திறப்பேன். பழைய படத்தத் தூக்கிட்டு, புதுசப் போட்டு, வருஷத்த மாத்திடுவேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதுல... படத்தையெல்லாம் எடுத்திருக்கேன். கீழ வீடியோ ஒண்ணு கெடந்தது கண்ணுல படல.”

“பழைய பக்கம்னா, போன வருஷமா?”

“போன வருஷம் தரையில விரிசல், போட்டி நடக்கல. அதுக்கு முந்தின வருஷம்.”

“அப்போ ரெண்டு வருஷமா இந்த வீடியோ தளத்துலயே இருந்திருக்கு. தையல்காரம்மா இந்தத் தளத்தப் பாக்கறவங்கதானே, எப்படிக் கண்ணுல படாம போச்சு?”

அட்மின் கடைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஒரு தாளை இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்து, அவள் போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

“சேமின்னு ஒரு பட்டன் இருக்கு. வெளியிடுன்னு ஒரு பட்டன் இருக்கு. நான் சேமி மட்டும்தான் அழுத்துவேன். சேமிச்சாப் போதாதா, பிறகு எதுக்கு வெளியிடணும்? ஆறேழு மாசம் கழிச்சு என் மருமக வந்துதான் சொன்னா. அதுவரைக்கும் நான் போட்ட ஒண்ணையும் ஒருத்தரும் பாக்கல. இந்தப் பக்கமும் இப்ப புதுசு போட்டப்பதான் மொதல்ல வெளியாச்சு.” பெருமூச்சு விட்டார். “நல்லாருக்குன்னு ஒரு வார்த்த ஒருத்தனும் சொல்லலையேன்னு மனசுக்குள்ள அழுதிருக்கேன்.”

“நீங்க போட்டது உங்களுக்கே உங்களுக்கு ஒரு வெப்சைட்டு,” என்றான் ஒட்டடை. பிறகு பூதக்கண்ணாடியிடம் குரலைத் தாழ்த்தினான். “அவ்வளவுதான் பாஸ். பழைய சரக்கு. தம்பி ஊருக்குப் போறதுக்கு முந்தி எடுத்தது. அந்தம்மா வண்டி ஏற வேண்டியதுதான்.”

பூதக்கண்ணாடி நகரவில்லை. வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். ஆட்டத்தையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே ஓர் ஆள் துடைப்பத்துணியைப் பக்கெட்டில் பிழிந்துகொண்டிருந்தான்.

“தரை ஏன் ஈரமா இருக்கு?”

“அத ஏன் கேக்கறீங்க,” என்று அட்மின் உற்சாகமானார். “மொதல்ல வெச்ச ஞாயித்துக்கிழமை கொட்டு கொட்டுன்னு மழை. தையல்காரம்மாவ ஏத்த வந்த ஆம்புலன்ஸே தண்ணில நின்னு போச்சு, நாங்கதான் தள்ளினோம். போட்டிய ஒரு வாரம் தள்ளி வெச்சோம், அன்னிக்கும் காலைல தூறல். தளத்துல அறிவிப்புக்கூடப் போட்டேன்.”

“அதையும் சேமிச்சீங்களா?” என்றான் ஒட்டடை.

“பாதிப் பேர் பழைய தேதிக்கே வந்து நனைஞ்சாங்க.”

“தள்ளி வெச்ச போட்டி அன்னிக்கு தையல்காரம்மா வீட்ல இருந்தாங்களா?” பூதக்கண்ணாடியின் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக ஒலித்தது.

“இல்லம்மா. மறுநாள் திங்கக்கிழமைதான் டிஸ்சார்ஜ். அவங்களுக்குப் போட்டி எப்ப நடந்ததுன்னே தெரியாது. யார் போய் அவங்ககிட்ட ஷட்டிலப் பத்திப் பேசுவாங்க?”

ஒட்டடை விரல் மடக்கினான். மழை ஞாயிறு, ஆஸ்பத்திரி. வெள்ளி, பஸ். அடுத்த ஞாயிறு, போட்டி. கடைசி விரலை மடக்காமல் அப்படியே நிறுத்தினான்.

“பாஸ். வெள்ளிக்கிழமை அசலூர் பஸ் ஏறினவன் ஞாயித்துக்கிழமை இங்க எப்படி நிக்கறான்?”

“எறங்கித் திரும்பி வந்திருக்கான். அது பெருசில்ல. யாரப் பாத்துச் சிரிக்கறான்?” அவள் அட்மினைப் பார்த்தாள். “வீடியோ ஏன் பாதில நிக்குது?”

“இடம் பத்தாதும்மா. ஒரு நிமிஷத்துக்கு மேல ஏத்தினா தளமே படுத்துக்கும். எந்த வீடியோ வந்தாலும் மொத நிமிஷத்த மட்டும் வெட்டிப் போட்ருவேன்.”

“மிச்சம்?”

அட்மின் மேசை இழுப்பறையைத் திறந்தார். ரப்பர் பாண்ட், கிளிப், காலாவதியான பசை. அடியில் ஒரு டப்பா நிறைய மெமரி கார்டுகள்.

“தூக்கிப் போட மனசு வராது,” என்றார்.

நான்காவது கார்டில் அது இருந்தது. மூவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தம்பி திரும்புகிறான். சிரிக்கிறான். இந்தமுறை படம் நிற்கவில்லை. சட்டத்துக்குள் ஒரு முதுகு வருகிறது. தோளில் கருவிப் பை. தம்பி ஏதோ சொல்கிறான். முதுகு தலையசைக்கிறது, இல்லை என்று. தம்பியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகிறது. மேலே ஒரு ஜன்னலை அண்ணாந்து பார்க்கிறான். முதுகு இன்னும் ஏதோ சொல்கிறது. தம்பி பையை எடுத்துக்கொண்டு நடக்கிறான், ஓரத்தில் மறைகிறான். இறகுப்பந்து ஒன்று அருகில் வந்து விழுகிறது. அதை எடுத்துக் கொடுக்கத் திரும்பிய முதுகுக்கு முகம் வந்தது.

லிஃப்ட் மெக்கானிக்.

“அடப் பாவி மனுஷா,” என்றார் அட்மின்.

* * *

இரண்டாவது மாடியில் ஒட்டடை நின்றுவிட்டான்.

“பாஸ், ஒண்ணு சொல்றேன். வீடியோ பழசுன்னு மட்டும் சொல்வோம். அது பொய்யில்ல. அந்தம்மா வண்டி ஏறுவாங்க, புது ஊரு, புது வீடு. புருஷனாவது மிஞ்சுவான்.”

“ரெண்டு வருஷமா தப்பான ரோட்டுல தேடிருக்காங்க. பஸ் போற ரோட்டுல. அது தப்புன்னு தெரிஞ்சது இதுவரைக்கும் ஒரு ஆளுக்கு. நாம மறைச்சா அட்மினோட சேத்து நாலு பேர்.”

“சரியான ரோட்டுல இப்ப என்ன இருக்கும்?”

“ஒண்ணும் இருக்காது,” என்றாள் அவள், படியேறிக்கொண்டே.

வீடு காலியாகியிருந்தது. கீழே வண்டி நின்றது. தையல் மெஷினும் ஏறிவிட்டிருந்தது. மேடம் வேறு மாதிரி சொன்னால் இறக்கிக்கொள்ளலாம் என்று மெக்கானிக் சமாதானப்படுத்தி ஏற்றியிருந்தார். மெஷின் நின்ற இடத்தில், கவிழ்த்த பக்கெட் மேல் தையல்காரி உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லுங்க மேடம்.”

“வீடியோ பழசும்மா. போன வாரம் எடுத்ததில்ல.”

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். மெக்கானிக் அவளைத் தூக்கிவிட வந்தார்.

“நான் சொன்னேனே. வா, போலாம்.”

“உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கு,” என்றாள் பூதக்கண்ணாடி அவரிடம். “வெள்ளிக்கிழமை பஸ் ஏத்தி விட்டீங்க. ஞாயித்துக்கிழமை திரும்பி வந்தவன்கிட்ட என்ன சொன்னீங்க?”

மெக்கானிக்கின் கை மனைவியின் முழங்கைக்குக் கீழே அப்படியே நின்றது.

“எந்த ஞாயித்துக்கிழமை?” என்றாள் தையல்காரி.

ஒட்டடை ஃபோனை நீட்டினான். அட்மின் அதில் முழு வீடியோவையும் ஏற்றிக் கொடுத்திருந்தார். அவள் ஒருமுறை பார்த்தாள். முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

“பாதி வழில எறங்கி வந்துட்டான்,” என்றார் மெக்கானிக். பழுதான லிஃப்டைப் பற்றிச் சொல்கிறவரின் குரல்தான். “குடோன் வேலை பிடிக்கல, அக்கா வந்ததும் பாத்துட்டு வேற தேடறேன்னான். எத்தன வேலை? எத்தன தடவ? அவன் அடிதடில மாட்டினான்னு கேட்டு ஸ்டேஷனுக்கு ஓடினப்பதான நீ படில உருண்ட? என் புள்ளையும் அன்னிக்குத்தான போச்சு?”

“என்ன சொன்னீங்க?”

“போயிடுன்னேன்.”

“போயிடுன்னா அவன் போக மாட்டான். எனக்குத் தெரியும். என்ன சொன்னீங்க?”

மெக்கானிக் சுவரைப் பார்த்தார். காலண்டர் மாட்டியிருந்த ஆணி மட்டும் அங்கே இருந்தது.

“அக்காவே உன் மொகத்துல முழிக்க மாட்டேன்னுட்டா, ஃபோன்கூடப் பண்ண வேணாம்னுட்டான்னு சொன்னேன்.”

கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

“ஒரு மாசத்துல தானா வருவான்னு நெனச்சேன்,” என்றார் அவர். “வரல. நீ போலீஸுக்குப் போகணும்ன. அன்னிக்கே சொல்லிருக்கணும். மறுநாள் சொல்லலாம்னு விட்டேன். அப்புறம் போஸ்டர் அடிச்ச. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

“எங்க போறேன்னான்?”

“ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.”

“எந்த ரயிலு?”

“கேக்கல.”

தையல்காரி பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நூறு திசைக்கு ரயில்கள், டிக்கெட் எடுத்தானா என்பதே தெரியாத ஓர் ஆள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லலாம். சொன்னாள். அவள் குரலே அவளை நம்பவில்லை.

தையல்காரி ஜன்னல் பக்கம் போய்க் கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: “மெஷின மேல கொண்டு வாங்க!”

கூலிக்காரர் இருவரும் அண்ணாந்தார்கள். நாலு மாடி. ஒருவன் முணுமுணுத்தான். மெக்கானிக் படியிறங்கிப் போனார்.

“அண்ணா,” என்று அவள் ஒட்டடையைக் கூப்பிட்டாள். “இந்த ஃபோன்ல என்னப் பிடிங்க. நான் பேசறேன். அட்மின் சார்கிட்ட குடுத்துத் தளத்துல போடச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் போதும்.”

ஒட்டடைக்குத் தொண்டை வரை வந்தது: தண்ணி வராத அன்னிக்கு மட்டும் ஜனங்க பாக்கற தளம்மா இது, எங்கயோ இருக்கற ஒருத்தன் இதத் திறந்து பாக்கவா போறான்? அதை விழுங்கினான்.

“வெளிச்சம் மூஞ்சில விழற மாதிரி உக்காருங்க,” என்றான். “சும்மாவே நான் பிடிச்சா எல்லாரும் என்ன மாதிரியே ஒல்லியாத் தெரிவாங்க.”

அவள் பக்கெட்டை ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள். தலைமுடியை ஒதுக்கினாள்.

“தம்பி,” என்றாள். “நான் அப்படிச் சொல்லலடா.”

அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. யோசித்தாள். “ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் உன்னத்தான் கேட்டேன். சட்ட கிழிஞ்சிருக்கும், மாத்திக்க. நீ வேலைக்குப் போனாலும் சரி, போகலேன்னாலும் சரி.” மறுபடி நின்றாள். “அப்படிச் சொல்லல நான்.”

வாசலில் சத்தம். மெக்கானிக்கும் ஒரு கூலிக்காரனும் இரும்புக் காலோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டிருந்தார்கள். கூலிக்காரன் உள்ளே காலெடுத்து வைத்தான். மெக்கானிக் தலையை அசைத்து அவனை நிறுத்தினார். அவள் பேசி முடிக்கும்வரை இருவரும் நிலைப்படிக்கு வெளியே பாரத்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள். மெக்கானிக் பிடியை மாற்றிக்கொண்டார். இறக்கி வைத்தால் சத்தம் பதிவாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஒட்டடை ஃபோனை இறக்கினான்.

அவர்கள் மெஷினைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரத்தில் வைத்தார்கள். அது ஒரு பக்கம் ஆடியது. மெக்கானிக் பையிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்து மடித்து, அந்தக் காலுக்கு அடியில் சொருகினார். கையால் அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை. சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி ஊசியில் நூல் கோக்கக் குனிந்திருந்தாள்.

அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டினார். பூதக்கண்ணாடி வழி விட்டு ஒதுங்கினாள். படிகளில் காலடிச் சத்தம் மாடி மாடியாக இறங்கியது. கீழே வண்டியின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. டிரைவர் ஏதோ கேட்டான். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பியது.